புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்புள்ள இந்திராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புலனத்தில் அவ்வப்போது பேசிக்கொண்டாலும், உன் கையெழுத்தில் நாலு பக்கம் படிப்பது தனி சந்தோஷம்தான். கிள்ளானில் மகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் மாரியம்மன் கோயிலில் பேத்தி பேரில் அர்ச்சனை செய்துவிட்டேன். நட்சத்திரம் தெரியாததால் அம்பாள் பேரிலேயே செய்யச் சொன்னேன்.

இங்கே சேதி என்று பார்த்தால், நம் காலத்துத் தோட்டத்து லயன் வீடுகள் எல்லாம் போய்விட்டன. ரப்பர் பால்மரம் இருந்த இடமெல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. சனங்கள் டவுன் பக்கம் மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அந்த மண்டபத்தில்தான் சாயங்காலம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். சம்பளம் எதுவும் இல்லை. வீட்டில் சும்மா உட்கார எனக்கு முடியாது, உனக்குத் தெரியும்.

உன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி நீ எழுதியதற்கு வருகிறேன். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகமே நிற்பதில்லை, நேற்று நடத்தியது இன்றைக்கு இல்லை’ என்கிறாய். அடுத்த வரியிலேயே ‘மனனம் என்பதையே தூக்கிப் போட்டுவிட வேண்டும்’ என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, இந்திரா. ஓய்வு பெற்ற பிறகு நினைவாற்றல் பற்றிய உளவியல் ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், மணி அடித்தால் எச்சில் ஊறும் பாவ்லோவின் நாயோடு நமக்கு நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம்தான் நம் வகுப்பறைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது.

முதலில் மறதி. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். கொஞ்ச நேரம் விட்டு அதே வரிசையைத் திரும்பப் படிப்பார். முதல் தடவை பட்ட பாட்டில் இரண்டாம் தடவை எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்குப் பார்ப்பார். ஒரு மணி நேரம் கழித்து மிச்சம் 44 விழுக்காடு. ஒரு நாள் கழித்து ஏறக்குறைய 34. ஆனால் 31 நாள் கழித்துப் பார்த்தாலும் 21 விழுக்காடு நிற்கிறது. அதாவது, முதல் நாளிலேயே பெரும்பகுதி சரிந்துவிடுகிறது. மிஞ்சியது மெல்ல மெல்லத்தான் தேய்கிறது. கைப்பேசியும் இல்லாத, யூடியூபும் இல்லாத காலத்தில், படிப்பதையே வேலையாக வைத்திருந்த ஒரு பெரிய மனிதரின் கணக்கு இது. நம் பிள்ளைகள் மறுநாள் மறந்து வந்து நிற்பதில் அதிசயம் என்ன?

அவரே இன்னொன்றும் கண்டார். ஒரே நாளில் 68 தடவை திரும்பத் திரும்பப் படித்ததற்குக் கிடைத்த பலன், மூன்று நாளாகப் பிரித்து 38 தடவை படித்ததற்கே கிடைத்தது. சோதனைக்கு முதல் நாள் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு உருப்போடும் பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் என்னை உலுக்கிய ஆய்வு வேறு. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதை நாலு முறை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே முறை படித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் ஞாபகத்துக்கு வந்ததையெல்லாம் மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள்தான் முன்னால்: 83 விழுக்காடு, எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். திரும்பத் திரும்பப் படித்தவர்களிடம் 40 மிஞ்சியது, பார்க்காமல் எழுதியவர்களிடம் 61. இதில் முக்கியமானது, தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பியது படித்த கூட்டம்தான்!

நம் வகுப்பில் நடப்பது இதேதான். திரும்பப் படிக்கும்போது எழுத்துகள் பழகிய முகமாகத் தெரிகின்றன, பிள்ளை ‘தெரியும் டீச்சர்’ என்கிறது. பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அதற்குத் தெரிகிறது. மறு வாரம் கேட்டால் முழிக்கிறது. நாம் ‘ஒழுங்காப் படிக்கல’ என்று திட்டுகிறோம். படித்ததில் குறை இல்லை, இந்திரா. புத்தகத்தை மூடிவிட்டுத் தேடிப் பார்க்கச் சொல்லி யாரும் பழக்கவில்லை. தேடி எடுப்பதே படிப்பு என்று இந்த ஆய்வு சொல்கிறது. எடுக்க எடுக்கத்தான் அது நிலைக்கிறது.

இப்போது மண்டபத்தில் பாடம் முடிந்ததும் எல்லாரையும் புத்தகத்தை மூடிவிட்டு வெறுந்தாளில் எழுதச் சொல்கிறேன். போன வாரம் ஒளிச்சேர்க்கை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி சூரிய ஒளி, நீர், கரிவளி என்று மூன்றை எழுதிவிட்டு நாலாவது வராமல் உட்கார்ந்திருந்தாள். பேனா முனையைத் தாளில் வைத்து வைத்து அங்கே மைப்புள்ளியாகவே ஆகிவிட்டது. பக்கத்திலிருந்தவன் சொல்லவந்தான், வேண்டாமென்று தடுத்தேன். வெளியே வேப்பமரத்தைப் பார்த்தாள், நகத்தைக் கடித்தாள், பிறகு குனிந்து ‘பச்சை’ என்று எழுதி, கொஞ்சம் யோசித்து ‘யம்’ சேர்த்தாள். அப்புறம்தான் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கச் சொன்னேன். சரிபார்ப்பதை விட்டுவிடக் கூடாது, விட்டால் தப்பாக எழுதியதே மனசில் அப்படியே தங்கிவிடலாம். இந்த வாரம் கேட்டேன், தடங்கல் இல்லாமல் நாலையும் சொன்னாள்.

அதனால்தான் மனனத்தைத் தூக்கிப் போடு என்று நீ எழுதியதை ஏற்க முடியவில்லை. நம் அப்பாயிகள் காலத்தில் ஆத்திசூடியையும் வாய்ப்பாட்டையும் ஒப்பிக்கச் சொன்னார்களே, அதில் பலன் தந்தது எது என்று யோசித்துப் பார். கோரஸாகக் கத்தியது இல்லை. தனியாக எழுந்து நின்று, பார்க்காமல் சொன்னதுதான். கூடவே பிரம்பும் பயமும் வந்தன, அவை போனது நல்லது. பிரம்போடு சேர்த்து ஒப்பிப்பதையும் ஏன் விட வேண்டும்?

அந்த ரோடிகரும் கார்ப்பிக்கும் 2008-இல் ஸ்வாஹிலி என்ற ஆப்பிரிக்க மொழியின் சொற்கள் 40-ஐ வைத்தும் சோதித்தார்கள். ஒரு சொல்லின் பொருளைச் சரியாகச் சொல்லிவிட்டாலும் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு வாரம் கழித்து 80 விழுக்காடு நின்றது. சொல்லிவிட்டானே என்று கேட்பதை நிறுத்தினால் பாதிகூட இல்லை. தமிழ்ப்பள்ளி முடிந்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்கும் படிவம் ஒன்றுக்கும் போய்ப் பெரும்பாலான பாடங்களை மலாயில் படிக்கத் தடுமாறும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயன்படும் ஆய்வு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். மறதி முற்றிவிட்டது. என்னையே சில நாள் தெரிவதில்லை. போன மாதம் தம்பி அவரைத் தன் மாமனாரின் சிறுதோட்டத்துக்கு அழைத்துப்போனான், நானும் போனேன். அங்கே இன்னும் பால் வெட்டுகிறார்கள். அம்மா ஒரு மரத்துக்குப் பக்கத்தில் போய், பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரித்தெடுத்தார். கத்தியைக் கையில் கொடுத்ததும் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக மெல்லிசாகப் பட்டையைச் சீவினார். மரத்தில் காயமே படவில்லை. பால் துளிர்த்து வரிசையாக இறங்கியது. பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைச் சரியாகத் திருப்பி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, ‘நீ யாரு வீட்டுப் பொண்ணு?’ என்று கேட்டார்.

அழுதுவிட்டேன். ஆனால் கொஞ்சம் தெளிவும் இருந்தது, ஏனென்றால் ஹென்றி மொலைசன் என்பவரைப் பற்றிப் படித்திருந்தேன். வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையில் செய்த அறுவையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரிய துண்டை இரு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக நடந்தது ஏறக்குறைய எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தைப் பார்த்தபடி அதன் ஓரத்திலேயே கோடு போடச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை இதற்கு முன் செய்ததே இல்லை என்பார். கைப்பழக்கமும் நடந்ததை நினைத்துச் சொல்வதும் மூளையில் வேறு வேறு வழி என்று உலகத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. அம்மாவுக்கு ஒரு வழி அடைபட்டுவிட்டது, இன்னொன்று திறந்திருக்கிறது. இப்போது அவரிடம் ‘நான் யாரு, சொல்லுங்க’ என்று யாரையும் கேட்கவிடுவதில்லை. பூக்கட்டக் கொடுக்கிறேன், கீரை ஆயக் கொடுக்கிறேன்.

உன் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பாடத்துக்காவது இதைச் செய்து பார். மறுநாள் கேட்டு முடிவு கட்டிவிடாதே, ஒரு வாரம் விட்டுக் கேள். பிள்ளைகள் கஷ்டம் என்று முனகினால் விட்டுக்கொடுக்காதே. புகுமுக வகுப்பு மலாய்ச் சொல் பட்டியல் ஏதாவது கைவசம் இருந்தால் அனுப்பு, இங்கே என்னிடம் இருப்பது பழசு. பேத்தியின் நட்சத்திரத்தையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
மல்லிகா