ட்ரோன் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இனிமேல் போர் என்றாலே ட்ரோன்தான், டாங்கியும் பீரங்கியும் காயலான் கடைக்குத்தான் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். பாதி சரி. உக்ரைனில் ஒரு நல்ல செல்போன் விலையில் கிடைக்கும் ட்ரோன் பல கோடி ரூபாய் டாங்கியை முடக்கிவிடுகிறது. ஜாமர் வைத்து சிக்னலைத் தடுத்தால் மெல்லிய கண்ணாடி இழையை இழுத்துக்கொண்டே, அதன் வழியாகவே கட்டளை வாங்கிப் பறக்கும் ட்ரோன் வருகிறது, அதற்குப் பயந்து சாலைக்கு மேலேயே வலை கட்டுகிறார்கள்.

ஆனால் அதே போரில் 155 மி.மீ. பீரங்கிக் குண்டுக்கு ஐரோப்பாவே திணறியதை யாரும் பேசுவதில்லை. ஓராண்டில் உக்ரைனுக்கு 10 லட்சம் குண்டு தருவோம் என்று 2023 மார்ச்சில் சொன்ன ஐரோப்பிய ஒன்றியம், சொன்ன கெடுவில் ஏறத்தாழ பாதிதான் கொடுத்தது. குண்டை உந்தித் தள்ளும் மருந்தும் அதற்கு மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோசும் தட்டுப்பாடானது ஒரு முக்கியக் காரணம். எங்கள் குன்னூர்ப் பக்கம் இதை விளக்க வேண்டியதில்லை, அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாகச் செய்வதே அந்த உந்துமருந்துதான்.

நம் காலாட்படை பட்டாலியன்களில் ட்ரோன் பிளட்டூன் (சிறு படைப்பிரிவு) வரும் என்று 2025 ஜூலையில் தரைப்படைத் தளபதி உபேந்திர திவிவேதி அறிவித்தார், நல்லது. ஆனால் மலையில் மூடுபனி இறங்கினால் கேமரா ட்ரோனுக்குக் கண் தெரியாது. எங்கள் பக்கத்து வெலிங்டனில் ஒரு ஜூலை மாதம் இருந்து பார்த்தவர்களைக் கேளுங்கள். எல்லைக்காவலில் கணிசமான பகுதி நமக்கு மலையில்தானே? ட்ரோன் படத்தோடு குண்டு இருப்பு, உற்பத்தி பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர்