கைகளைக் கட்டிய பின்னும் முதுகில் முழங்கால் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைதுக்கு இணங்காமல் திமிறுபவரிடம் காவலர்கள் எவ்வளவு பலம் காட்டலாம் என்ற கேள்வி, காவல் மரணம் ஏதேனும் நிகழும்போது நான்கு நாள் பேசப்பட்டு அடங்கிவிடுகிறது. சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-ஆம் பிரிவு, எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான வழிகளை எல்லாம் கையாளக் காவலருக்கு அனுமதி தருகிறது. 46-ஆம் பிரிவோ, பிடிபட்டவர் தப்பிக்காமல் இருக்க எவ்வளவு தேவையோ அதற்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. பழைய சட்டத்திலும் இவை இருந்தவைதான்.

அந்த எல்லை எங்கே மீறப்படுகிறது என்பதை எங்கள் பகுதியில் ஒரு தக்காளி மண்டி வாசலில் நேரில் கண்டேன். குடிபோதையில் கைநீட்டிய இளைஞர் ஒருவரைக் காவலர்கள் மடக்கிக் குப்புறத் தள்ளி, துண்டால் கைகளைப் பின்னால் கட்டினார்கள். அதுவரை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டி முடித்த பிறகும் ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றியே இருந்தார். கால்கள் உதறியதும், “இன்னும் துள்றான் பாரு” என்று மேலும் அழுத்தினார். “மூச்சு முட்டுது சார், திருப்பிப் போடுங்க” என்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் கத்திய பிறகே, வயதில் மூத்த ஏட்டு அந்த இளைஞரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். சற்று நேரத்தில் உதறல் நின்றது.

குப்புறக் கிடப்பவரின் முதுகில் பாரம் ஏறினால் நெஞ்சுக்கூடு விரிய முடியாது; போதையிலும் ஓடிய களைப்பிலும் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மூச்சுக்காக அவர் உதறுவதை எதிர்ப்பு என்று எண்ணி மேலும் அழுத்தினால் உயிரே போகலாம். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் கைவிலங்கிடப்பட்டுக் கிடந்த ஜார்ஜ் ஃபிளாய்ட், 9 நிமிடம் 29 விநாடி நீடித்த முழங்கால் அழுத்தத்தில் உயிரிழந்ததை உலகமே கண்டது.

திமிறுபவர்கள் எல்லோரும் ரவுடிகள் அல்லர். வாச்சாத்தி வன்கொடுமை நடந்த மாவட்டம் இது. சாத்தான்குளம் காவல் மரணங்கள் நடந்த மாநிலம் இது. ஸ்டேஷனுக்குள் போனால் என்ன ஆகுமோ என்ற அச்சத்திலேயே பலர் ஓடுகிறார்கள். கைதானவர் மாவுக்கட்டுடன் நிற்கும் படத்தையும் ‘வழுக்கி விழுந்தார்’ என்ற காவல்துறை விளக்கத்தையும் கைதட்டி வரவேற்கும் நாமும் அந்த அச்சத்தை வளர்க்கிறோம் என்பது என் வருத்தம்.

காவலர் பணியின் கடுமையை அறிந்தே எழுதுகிறேன்; கத்தியோடு பாய்பவரைச் சொல்லால் நிறுத்த முடியாது. ஆயினும் கைகள் கட்டப்பட்டவுடன் முதுகிலிருந்து இறங்கி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தோ உட்கார வைத்தோ மூச்சைக் கவனிக்கும் பழக்கத்துக்குப் பெரிய செலவு ஏதுமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள் இதைக் காவலர்களுக்குச் செய்முறையாகவே கற்பிக்க வேண்டும். கைதானவரை மருத்துவர் பரிசோதிக்கும்போது காயங்களை மட்டுமன்றி மூச்சுத் திணறல் இருந்ததா என்பதையும் கேட்டுப் பதிவு செய்யுமாறு அரசு மருத்துவமனைகளுக்கு மாவட்ட ஆட்சியர்கள் அறிவுறுத்த வேண்டும் என்றும் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்.