பெயிண்ட் கசடு எடுப்பது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் பெயிண்ட் பூத்தில் சேரும் கழிவுக் கசட்டை நாங்கள் எடுத்துப்போய்ச் சிமென்ட் சூளையில் எரிக்கக் கொடுக்கிறோம். அதில் உள்ள தண்ணீரையும் எடை போட்டுக் காசு வாங்குகிறோம், போதாக்குறைக்கு டிரம்மையும் திருப்பி அனுப்புகிறோம் என்று ஓசூர் வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள். பில் உங்கள் கைக்கு வருவதால் விவரத்தையும் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

முதலில் டிரம். அதை வீம்புக்காகத் திருப்பவில்லை. இரண்டு டப்பாவாக வந்து கலந்து அடிக்கும் டூ-பேக் பியூ (பாலியூரிதேன்) பெயிண்டின் ஹார்டனரில், அதாவது பெயிண்டை இறுகவைக்கும் பகுதியில், ஐசோசயனேட் இருக்கிறது. அது தண்ணீரோடு வினைபுரியும். மீந்ததை ஈரக் கசட்டில் ஊற்றினால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். மூடியை இறுக்கிவிட்டால் டிரம் உப்பும். வெயிலில், லாரியின் மேல், மூடி தெறிக்கும். பக்கத்திலேயே தின்னர் டிரம் நிற்கும். மூடி உப்பிய டிரம்மை எங்கள் ஆட்கள் ஏற்றவே மாட்டார்கள், ஏற்றச் சொல்லவும் மாட்டோம். ஹார்டனரைத் தனி டப்பாவில், ஈரம் படாமல் கொடுங்கள். பழைய பெயிண்டை உரிக்கும் மெத்திலீன் குளோரைடு ஸ்ட்ரிப்பரையும் கசட்டோடு கலக்காதீர்கள். அதிலுள்ள குளோரின் சிமென்ட் சூளையின் ப்ரீஹீட்டரில் (மூலப்பொருளை முன்கூட்டிச் சூடாக்கும் பகுதியில்) உப்பாகப் படிந்து வழியை அடைக்கும். ஒரு டிரம்மில் கலந்திருந்தாலும் லோடு முழுவதையும் சூளைக்காரர்கள் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்தது தண்ணீர். 200 கிலோ டிரம்மில் 120 கிலோ தண்ணீர் இருந்தால் அதற்கும் லாரி வாடகை உண்டு. சூளையில் ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 540 கிலோகலோரி வீணாகிறது, அதற்கும் சூளைக்காரர்கள் எங்களிடம்தான் காசு வாங்குகிறார்கள். நீர்த்திரை பூத்தில் (தெறிக்கும் பெயிண்டைத் தண்ணீர்த் திரை பிடிக்கும் அறையில்) அள்ளிய கசட்டைச் சல்லடைத் தட்டில் 24 மணி நேரம் வடியவிட்டாலே எடை நன்றாகக் குறையும். வடிந்த நீர் பூத் தொட்டிக்கே போகட்டும், சாக்கடைக்கு வேண்டாம். கசடு கையுறையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? பெயிண்டின் பிசுபிசுப்பைப் போக்கப் பூத் நீரில் கலக்கும் மருந்தான டீடாக்கிஃபையர் போதவில்லை. அந்தக் கசடு எத்தனை நாள் வைத்தாலும் வடியாது. பூத் நீரின் பிஎச் அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டுங்கள்.

அல்கிட் எனாமல் (எண்ணெய் வகைப் பெயிண்ட்) துடைத்த காட்டன் வேஸ்ட்டைக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

தின்னரைத் தனியே பிரித்து, ஒவ்வொரு டிரம்மிலும் தேதி எழுதி, ஆண்டுக்கணக்காக எங்களோடு இருக்கும் கடைக்காரர்களுக்கு மனமார்ந்த நன்றி. உங்களால்தான் எங்கள் ஆட்கள் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள்.

அடுத்த மாதம் முதல் கிலோவுக்கு 3 ரூபாய் கூடும், வண்டி மாதம் இருமுறை வரும். அபாயக் கழிவுகளுக்கான 2016 விதிகளின்படி கசட்டை உங்கள் இடத்தில் வைத்திருக்கக்கூடிய 90 நாள் கெடுவுக்குள் எல்லாமே எடுக்கப்பட்டுவிடும். கழிவோடு வண்டியில் போகும் படிவம் 10 மேனிஃபெஸ்ட் சீட்டில் கையெழுத்துப் போடும்போது எடையையும் ஒருமுறை சரிபாருங்கள். டிரம்மில் ஒட்டும் படிவம் 8 லேபிள் தீர்ந்திருந்தால் டிரைவரிடமே கேளுங்கள், வண்டியில் இருக்கிறது.

இப்படிக்கு,
உரிமையாளர்