அந்தக் குட்டித் தலையணைக்கு

அம்மா வீட்டுக்கு வந்து இன்றோடு 12 நாள். ஒவ்வொருவருக்கும் போனில் நன்றி சொல்ல ஆரம்பித்தால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். முட்டி ஆபரேஷனுக்கு முன் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் அம்மாவின் நுரையீரலில் தெரிந்த நிழலை, பழைய சளி என்று ஒதுக்காமல் உடனே சி.டி. எடுக்கச் சொன்ன டாக்டருக்கு முதல் கும்பிடு. புற்றுநோய்க் கட்டி 2 சென்டிமீட்டர்கூட இல்லை, நெறிக்கட்டி எதிலும் பரவவில்லை, கீமோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்கள், கேரியரில் ரசம் சாதம் அனுப்பிய மாடி வீட்டு அத்தை, பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காத சித்தப்பா, எல்லோருக்கும் நன்றி.

வார்டைக் கூட்டித் துடைக்கும் அக்காவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

நுரையீரல் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள். விலாவில் குழாய், அதன் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டிலில். இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று அம்மா சளியை அடக்கிக்கொண்டே இருந்தாள். சளி தேங்கினால் நிமோனியா வரும் என்று டாக்டர் அதட்டியும் பார்த்தார். மூச்சை இழுத்துப் பழகக் கொடுத்த மூன்று பந்துக் கருவியில் ஒரு பந்துகூட அசையவில்லை. தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமச் சொன்னார்கள். ரெக்சின் உறை போட்ட பெரிய தலையணை, வழுக்கிக்கொண்டே போனது.

மறுநாள் காலை அந்த அக்கா மஞ்சப்பையிலிருந்து ஒரு குட்டித் தலையணையை எடுத்தார். பழைய சுங்குடிச் சேலை, உள்ளே இலவம்பஞ்சு, ராத்திரி உட்கார்ந்து கையால் தைத்தது. "இதக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருமுங்கம்மா, முதுக நான் பிடிச்சுக்கிறேன்." அம்மா இருமினாள். பாட்டிலில் குமிழ் குமிழாக வந்தது. சாயங்காலம் ஒரு பந்து எழுந்தது. காசு கொடுக்கப் போனேன். "ஒரு டீ வாங்கிக் குடுங்க, போதும்" என்றுவிட்டார்.

நுரையீரலின் ஐந்து பகுதிகளுக்கும் மடல் என்றுதான் பெயராம். அம்மாவுக்கு ஆபரேஷனில் ஒன்று போனதற்கு இந்த மடல் என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு சி.டி., அப்புறம் வருடத்துக்கு ஒன்று. ஒரு தேதியும் தப்பாது, உங்கள் முன்னால் சொல்கிறேன். தம்பி சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறான். அவன் சட்டையை மோந்து பார்ப்பதை நான் இன்னும் விடவில்லை.

அடுத்த செக்கப்புக்கு வார்டுக்கு நாலு தலையணை கொண்டுபோக வேண்டும் என்று அம்மா பழைய சேலைகளை எடுத்து வைத்திருக்கிறாள். அவளுக்குக் கை தூக்கினால் இன்னும் வலிக்கிறது, தையல் என் தலையில். இலவம்பஞ்சு வாங்கக் கிளம்புகிறேன்.