மூடியை மறந்தவனின் கடிதம்

அன்புள்ள முரளி,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, ஆனால் படித்துவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லோரும் நலம். சந்துருவின் மீசையும் நலம்.

விஷயம் என்னவென்றால், எனக்கு ஈயம் வைக்க வந்துவிட்டது. சிரிக்காதே! ஆண்டு விழாவில் மைக் செத்த கதையை இனிமேல் நீ எடுக்கக் கூடாது.

பழைய மைக் ஒயரில், மைக்கோடு செருகுகிற எக்ஸ்எல்ஆர் கனெக்டர் பிய்ந்துவிட்டது. மூன்று பின், மூன்று இணைப்பு. என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன். சால்டரிங் அயர்னின் முனையில் ஈயத்தை உருக்கி ஒயர்மேல் சொட்டவிட்டேன். மங்கலாக, மணி மாதிரி உருண்டு நின்றது. லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. இப்படி ஆறு தடவை.

அப்புறம்தான் நீ அன்றைக்குக் கத்தியது மண்டையில் ஏறியது: சூடாக வேண்டியது பின், ஈயம் இல்லை. ஒயர் நுனியை முறுக்கி முதலில் அதற்கு ஈயம் பூசினேன். பின்னின் குழியில் முனையை இரண்டு விநாடி வைத்து, ஈயக் கம்பியை முனையில் படாமல் குழியில் தொட்டேன். அடடா, தண்ணீர் மாதிரி உள்ளே ஓடியது! ஒயரைச் செருகி, ஆறும்வரை மூச்சுகூட விடவில்லை. பளபளவென்று இருந்தது.

63/37 ஈயம், அதாவது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது, 183 டிகிரியிலேயே உருகிவிடும், முனை 350-இல் இருக்கிறது. அதனால் அதிக நேரம் வைத்தால் பின்னைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்தான் இளகும். என் இரண்டாவது பின் சாய்ந்தது அப்படித்தான். ஜோடிக் கனெக்டரைச் செருகிவைத்துக்கொண்டு வேலை செய்தால் பின் நகராதாம். சாய்ந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

புதுக் கனெக்டரில் மூன்றும் அழகாக முடிந்தது. நிமிர்ந்து பார்த்தால் கனெக்டரின் பின்பக்க மூடி மேஜைமேல் கிடக்கிறது. ஒயரில் முதலிலேயே கோத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரித்தேன். இதை மட்டும் சந்துருவிடம் சொல்லாதே.

ஒன்று கேட்கிறேன், விளையாட்டில்லை. நீ இன்னும் மூக்கை மேலே வைத்து, புகையை ஊதி ஊதித்தான் வேலை செய்கிறாயா? அந்தப் புகை ஈயம் இல்லை, ஈயம் நன்றாக ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசின் என்ற மரப்பிசின். ஆனால் இழுப்பு உள்ளவனுக்கு அதுவே போதும். ஒரு ஃபேனை வைத்து, புகை உன்னைவிட்டு விலகிப்போகும்படி செய். ஈயம் ஒட்டுவது கையில். கழுவாமல் சாப்பிட உட்காராதே. போன குளிர்காலத்தில் நீ போனில் இருமியது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒயரை அனுப்புகிறேன். இழுத்துப் பார்.

உன்,
சேகர்