மோல் கணக்கில் துகள் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் 'அணுக்களும் மூலக்கூறுகளும்' பாடத்துக்கு வந்த மாதிரி வினாத்தாளில் 7-ஆவது கேள்வி, "ஒரு மோல் ஆக்சிஜனின் நிறை என்ன?" என்பது. விடை 32 கிராம் என்று போட்டிருக்கிறீர்கள். 16 கிராம் என்று எழுதிய மாணவர் தன் விடையை அடித்துவிட்டிருப்பார். அடிக்க வேண்டியதில்லை. ஒரு மோல் ஆக்சிஜன் அணுக்கள் 16 கிராம். இரண்டிரண்டாகச் சேர்ந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒரு மோல் என்றால் 32 கிராம். மும்மூன்றாகச் சேர்ந்த ஓசோன் என்றால் 48 கிராம். எதைக் கேட்கிறோம் என்று கேள்வி சொல்லவே இல்லை.

மோல் என்பது டஜன் போல ஓர் எண்ணிக்கை; ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். "ஒரு டஜன் வாழை கொடுங்க" என்றால், பழமா சீப்பா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். வகுப்பில் அப்படிக் கேட்க ஆளில்லாததால்தான் மதிப்பெண் போகிறது. 9 கிராம் நீரை எடுத்துக்கொள்வோம். நீரின் மூலக்கூறு நிறை 18, அதாவது 18 கிராம் ஒரு மோல். ஆகவே 9 கிராம் அரை மோல், அதாவது 3.011 × 10²³ மூலக்கூறுகள். இதுவரை எல்லோரும் சரியாக வந்துவிடுவார்கள். "அதில் மொத்தம் எத்தனை அணுக்கள்?" என்றதும் பாதிப் பேர் அதே எண்ணை மறுபடி எழுதுகிறார்கள். ஒரு மூலக்கூறில் மூன்று அணுக்கள் என்பதால் 3-ஆல் பெருக்க வேண்டும்: 9.033 × 10²³. ஹைட்ரஜன் அணுக்களை மட்டும் கேட்டால் 2-ஆல் பெருக்கி 6.022 × 10²³. ஒரே 9 கிராமுக்கு மூன்று விடைகள், மூன்றும் சரி. கணக்கைத் தொடங்கும் முன் விடைத்தாளின் ஓரத்தில் 'அணுவா, மூலக்கூறா, மின்னூட்டம் பெற்ற அயனியா' என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் வந்தாலே இந்தப் பிழை பெரும்பாலும் நின்றுவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அணுக் கொள்கையை வகுத்த டால்டனே நீரை ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்றுதான் எழுதினார். அணு வேறு, மூலக்கூறு வேறு என்று இத்தாலிய அறிவியலாளர் அவோகேட்ரோ 1811-லேயே வழி காட்டியும், 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த வேதியியல் மாநாட்டில் அவர் நாட்டவரான கன்னிசாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் வேதியியலாளர்கள் அணு நிறையையும் மூலக்கூறு நிறையையும் ஒழுங்காகப் பிரித்துக்கொண்டார்கள்.

11-ஆவது கேள்வியில் 'உப்பு மூலக்கூறுகள்' என்று வருகிறது. சாப்பாட்டு உப்பில் மூலக்கூறு கிடையாது. படிகத்துக்குள் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம். இதில் எந்த இரண்டைப் பிரித்தெடுத்து 'ஒரு மூலக்கூறு' என்பது? 58.5 என்பது வாய்ப்பாட்டு நிறை, அதாவது ஒரு சோடியம், ஒரு குளோரின் இரண்டின் நிறைகளின் கூட்டுத்தொகை. 58.5 கிராம் உப்பில் இரண்டு அயனிகளும் தலா ஒரு மோல், ஆக இரண்டு மோல் அயனிகள். அந்த 58.5-இல் குளோரினின் பங்கான 35.5-உம் சராசரிதான். 35.5 நிறையுள்ள குளோரின் அணு எங்கும் இல்லை. நிறை எண் 35 உள்ளவை சுமார் 76 விழுக்காடு, 37 உள்ளவை சுமார் 24 விழுக்காடு.

அதே பக்கத்தில் 'அணு தனித்து இருக்காது' என்று பொதுவாக எழுதியிருப்பதும் சரியல்ல. ஹீலியம், நியான், ஆர்கான் எல்லாம் ஒற்றை அணுவாகவே திரிபவை. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான்தான்.

ஒரு மோலின் பருமன் 22.4 லிட்டர் என்ற விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். அது வாயுவுக்கு, அதுவும் 0 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில். அழுத்தத்தை 1 பார் என்று எடுத்தால் 22.7 லிட்டர். நம் ஊர் வகுப்பறையின் 30 டிகிரியில், 1 வளிமண்டல அழுத்தத்தில், ஏறக்குறைய 24.9 லிட்டர். நீர்மத்துக்கும் திண்மத்துக்கும் இந்த எண்ணை எடுக்கவே கூடாது. ஒரு மோல் தண்ணீர் 22.4 லிட்டர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது ஒரு பெரிய வாளி நிறைய வரும். உண்மையில் 18 மில்லிதான்.

இதைக் கண்ணால் காட்டிவிடலாம். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் ஒரு தடவை 10, இன்னொரு தடவை 8 மில்லி தண்ணீர் எடுத்து ஒரு சின்ன டம்ளரில் விடுங்கள். மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் காலிக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு ஒரு மோலுக்குரிய 342 கிராம் சர்க்கரை நிறுத்துப் பக்கத்தில் வையுங்கள். பூஜ்யமாக்க மறந்தால் கிண்ணத்தின் எடையும் சர்க்கரைக் கணக்கில் ஏறிவிடும். டம்ளரின் அடியில் கிடக்கும் தண்ணீரிலும் கிண்ணம் நிறைந்த சர்க்கரையிலும் மூலக்கூறு எண்ணிக்கை ஒன்றே. அணுக்கள் எத்தனை என்று கேட்டால் கதை வேறு: நீர் மூலக்கூறில் 3, சர்க்கரை மூலக்கூறில் 45. உப்பும் வைப்பதானால் தூள் உப்பு எடுங்கள், 58 அல்லது 59 கிராம். கல் உப்பு ஈரம் இழுத்திருக்கும், எடை கூடக் காட்டும்.

7-ஆவது கேள்வியை "ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் நிறை என்ன?" என்று மாற்றியும், 11-ஆவது கேள்வியில் 'உப்பு மூலக்கூறுகள்' என்பதைச் 'சோடியம் அயனிகள்' என்று திருத்தியும் அடுத்த வார மாணவர் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாளை வெட்டி ஒட்டி வைத்திருப்பவர்கள் கண்ணில் படும்படி அதே இடத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி