தாத்தாவின் ரிவால்வருக்கு உப்புத்தாள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாத்தா உரிமம் வைத்திருந்த ரிவால்வர் பேரன் கைக்கு வந்ததும் முதலில் நடப்பது, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது. அடுத்து தேங்காய் எண்ணெய் பூசுவது. அதற்கடுத்து, "ஒரு தடவை சுட்டுப் பார்த்தால் என்ன?" என்ற ஆசை. மூன்றுமே கேடு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ரிவால்வர்களைத் தேடுவோர் கூடிவருவதில் வியப்பில்லை. அமெரிக்காவின் கோல்ட் (Colt) நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வர் 1955-இல் வந்தது. தொழிலாளி ஒவ்வொரு பாகத்தையும் பொருத்திப் பார்த்து, தேய்த்து, மறுபடி பொருத்தி முடித்த துப்பாக்கி அது. 2005-இல் நின்றுபோய், 2020-இல் புது வடிவமைப்போடு திரும்பியது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1980-களின் தொடக்கம்வரை பேரலை, அதாவது குண்டு வெளிவரும் குழலை, திருகி இறுக்கியபின் குறுக்கே ஓர் ஊசியும் அடித்தது. அந்த ஊசி உள்ளவற்றை அமெரிக்காவில் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

நம் ஊரில் அப்படி வாங்கிச் சேர்க்க முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 3-இலிருந்து 2-ஆகக் குறைத்தது. வாரிசாக வந்ததும் இந்தக் கணக்கில் அடக்கம். ஆகவே இங்கே சேகரிப்பு என்றால், ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு வீட்டு பீரோவில் இருக்கும் அந்த ஒரே துப்பாக்கிதான். அதைக் கெடுக்காமல் வைத்திருப்பதுதான் உண்மையான ஆர்வத்துக்கு அடையாளம்.

உப்புத்தாள் ஏன் கூடாது? கருநீலப் பூச்சு என்று நாம் பார்ப்பது பெயின்ட் இல்லை. இரும்பின் மேற்பரப்பையே வேதிமுறையில் மாற்றி உண்டாக்கிய மிக மெல்லிய படலம். உப்புத்தாள் பட்டால் துருவோடு அந்தப் படலமும், இங்கிலாந்தின் பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைக்கூட முத்திரை, பட்டாளக் குறி, வரிசை எண் எல்லாமும் மழுங்கிவிடும். வரிசை எண் அழிந்த துப்பாக்கி விலை போகாது என்பதோடு முடியாது. சட்டத்தின் 8-ஆவது பிரிவில் வழக்காகவும் வந்து நிற்கும். துரு தெரிந்தால் நல்ல மெல்லிய எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு 0000 என்ற மிக நுண்ணிய ஸ்டீல் உல்லை (எஃகு இழைப் பஞ்சை) அதே எண்ணெயில் நனைத்து அழுத்தாமல் துடைத்தால், செந்துரு கழன்று வந்துவிடும், நீலம் நிற்கும். நிக்கல் முலாம் பூசித் தருகிறேன் என்பவரிடம் கொடுத்தே விடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் சில மாதத்தில் சிக்குப் பிடித்து, காற்றில் கெட்டு அமிலமாகும். ட்ரிகர் திரும்பி வராமல் ஒட்டிக்கொள்வதற்கு அதுவே போதும். தையல் மிஷின் எண்ணெய் கெடுதல் செய்யாது, ஆனால் மெல்லியது, வழிந்து போய்விடும். காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது எடுத்துத் துடைத்தாக வேண்டும். விரல் வியர்வையே உப்பு. கையில் எடுத்துக் காட்டியபின் துடைக்காமல் வைத்தால் இரண்டு நாளில் ரேகை துருவாகப் பதிந்திருக்கும். தோல் உறையில் போட்டு வைப்பது பெரிய தவறு. பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் டப்பா, பருத்தித் துணி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 100 கிராம் போதும். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துக் காயவைக்கலாம். சமையல் பாத்திரத்தில் வேண்டாம். டப்பாவை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள், தோட்டாவை வேறிடத்தில் வையுங்கள்.

தோட்டா விஷயத்தில்தான் ஆபத்து அதிகம். 1915-இல் பிரிட்டிஷ் பட்டாளம் ஏற்ற வெப்லி மார்க் 6 ரிவால்வரின் .455 (பேரல் துளையின் அகலம், அங்குலக் கணக்கில்), 1932-இல் வந்த என்ஃபீல்டு நம்பர் 2-இன் .380 இரண்டும் இங்கே தடை செய்யப்பட்ட அளவுகள். சாதாரண உரிமத்தில் வராது. சாதாரண உரிமத்தில் வழக்கமாக இருப்பது .32. கான்பூரில் செய்த .32 ரிவால்வரும் வெப்லி வடிவத்தின் வாரிசுதான், மேலே தாழ் நீக்கினால் நடுவில் மடங்கித் திறக்கும். அதன் தோட்டா 7.65 × 23 மில்லிமீட்டர் (விட்டம் × கூட்டின் நீளம்). பிஸ்டலுக்கான தோட்டா 7.65 × 17. பேச்சில் இரண்டுமே "பாயின்ட் முப்பத்திரண்டு". பிஸ்டல் தோட்டாவுக்கும் சிறு விளிம்பு உண்டு, ரிவால்வரின் தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் அதன் அழுத்தம் கூடுதல். அறுபது, எழுபது வருட ரிவால்வரில் அதைச் சுடவே கூடாது. கடையில் வாங்கும்போது நீளத்தைச் சொல்லி, பேரலில் பொறித்திருப்பதோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள்.

தாத்தா காலத்துத் தோட்டா மிச்சமிருந்தால் அதையும் சுட வேண்டாம். 1950-களுக்கு முந்தைய பிரிட்டிஷ் தோட்டாக்களின் பிரைமரில் (அடியில் முதலில் தீப்பற்றும் மருந்தில்) பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்தபின் அது பேரலில் உப்பாகப் படியும். எண்ணெயில் உப்பு கரையாது. உள்ளே குழி விழுந்த பழைய பேரல்கள் பலவும் இப்படிக் கெட்டவைதான். அந்தக் குழிகளில் ஈயம் ஒட்டும், குறி சிதறும்.

சுடுதளத்துக்குக் கொண்டுபோகுமுன் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தெருமுனை லேத் பட்டறை வேண்டாம். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் 5-ஆவது பிரிவின்படி தனி உரிமம் தேவை. அவர் என்ன பார்க்கிறார் என்று நீங்களும் கூட நின்று கவனிக்கலாம். ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தபின், சிலிண்டரை (அறைகள் உள்ள சுழலும் உருளையை) ஒரு விரலால் லேசாகத் தடுத்தபடி ஹேமரை (பின்னால் உள்ள சுத்தியலை) மெதுவாக இழுக்க வேண்டும். ஹேமர் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்குள் சிலிண்டர் "டிக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்று மட்டும் பிந்துவது சகஜம். பிந்தினால் அறையும் பேரலும் நேர்கோட்டில் நிற்காது. ஈயக்குண்டின் ஓரம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். சுடுதளத்தில் பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் படுவது அதுதான்.

பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. 0.30-ஐத் தாண்டினால் சரிசெய்யாமல் சுடக் கூடாது. சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒரு அளவு, முன்னால் தள்ளி ஒரு அளவு எடுங்கள், வித்தியாசம் 0.05-க்கு மேல் போனால் முன்பின் ஆட்டம் வந்துவிட்டது என்று பொருள். ஹேமரை ஏற்றிவைத்துப் பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளினால் விழக் கூடாது. மடங்கித் திறக்கும் வகையில் மேல்தாழ்தான் உயிர்: பேரலை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் வைத்து மேலும் கீழும் அசைத்தால் துளியும் ஆடக் கூடாது.

சுடும்போது வெடிச்சத்தம் அமுங்கி "புஸ்" என்றால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலிலேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். சத்தமே வராவிட்டால் குறியை நோக்கியபடியே 30 விநாடி பொறுங்கள், தாமதித்து வெடிப்பதுண்டு. தாங்கும் கையின் விரல் சிலிண்டருக்கு முன்னால் போகவே கூடாது. முடிந்ததும் காலிக் கூடுகளைப் பாருங்கள். பிரைமரில் சுடும் ஊசி ஓரமாகக் குத்தியிருந்தால் சிலிண்டர் நேராக நிற்கவில்லை. கூடு நீளவாக்கில் கிழிந்திருந்தால் அறை பெரிது, அல்லது தோட்டா தவறு.

உரிமதாரர் இறந்துவிட்டால் வாரிசு அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 21-ஆவது பிரிவின்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கியபின் விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர் இருக்கும்போதே செய்வது இன்னும் நல்லது: 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 70 வயது ஆனவரோ 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவரோ தம் வாரிசின் பெயருக்கு உரிமம் கேட்கலாம்.

மாநகரக் காவல் துறைக்கு இரண்டு வேண்டுகோள். தேர்தல் காலத்தில் ஒப்படைக்கும் துப்பாக்கிகள் வாரக்கணக்கில் நிலையத்தில் கிடக்கின்றன. கடலோர நிலையங்களில் துருவேறித் திரும்புகின்றன. கிரீஸ் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு முத்திரையிட்ட பெட்டியில் கொடுத்தால் அப்படியே வாங்கிக்கொள்ளவும், ரசீதில் வரிசை எண்ணோடு துப்பாக்கியின் நிலையையும் குறிக்கவும் உத்தரவிட வேண்டும். இரண்டாவது, வாரிசு வேண்டாமென்று கைவிடும் பழைய ரிவால்வர்களை அழிப்பதற்கு முன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தார் ஒரு முறை பார்க்க வழிசெய்ய வேண்டும். அங்கே ஆயுதங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ராயபுரம், சென்னை – 13